கோட்டுக்கு அடுத்த அசை

இண்டூர்ப் பள்ளிக்குப் புது ஆங்கில அகராதி வந்ததும் அதை முதலில் பிரித்தவர் சின்னப்பராஜ் வாத்தியார்தான். நீளமான சொல்லை அசை அசையாக வெட்டி, அழுத்த வேண்டிய அசை வரும்போது மேசையைத் தட்டுவது அவர் வழக்கம். பழைய அகராதியில் அழுத்தக் கோடு அந்த அசைக்குப் பின்னால் நிற்கும். புதியதிலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டார். சில சொற்களில் கோடு, முன்னால் அசையே இல்லாமல், சொல்லின் தலைமாட்டிலேயே நின்றது. அச்சுப்பிழை என்று தள்ளிவிட்டார்.

அந்த வருஷம் பெங்களூரில் ஆங்கிலப் பயிற்சிக்கு ஆசிரியர்களை எடுக்கத் தருமபுரியில் வாசிப்புத் தேர்வு வைத்தார்கள். ஆறாம் வகுப்புக் கோவிந்தம்மாள் டீச்சருக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை. வாத்தியார் புது அகராதியைப் பார்த்து ஒரு பாடம் முழுக்கப் பென்சிலால் அசை வெட்டிக் கொடுத்தார். ‘எஜுகேஷ’னில் ஜுவை அடிக்கச் சொன்னார், ‘எக்சாமினேஷ’னில் மியை. டீச்சர் மாவாட்டும்போதுகூட அடித்துப் பழகினார்.

தேர்வில் முதல் பத்தி முடியுமுன்பே அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். தன்னுடையது பட்டிக்காட்டு நாக்கு, திருந்தாது என்று சொல்லிக்கொண்டு வந்தார் டீச்சர். பழகப் பழக வரும் என்று வாத்தியாரும் ஆறுதல் சொன்னார்.

கிறிஸ்துமஸ் லீவில் அகராதிக்கு அட்டை போடும்போதுதான், யாரும் படிக்காத முன்பக்கம் அவர் கண்ணில் பட்டது. கோட்டுக்கு அடுத்து வரும் அசையை அழுத்த வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த ஆறுதல் வார்த்தை நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல, வரிசையில் நின்றவர் பாதியில் வெளியே வந்துவிட்டார். சாமியாரிடம் சொன்னால், டீச்சரிடம் சொல்லாமலே மன்னிப்பு கிடைத்துவிடும். அதுவே பயமாக இருந்தது.

பள்ளி திறந்து சில நாளில் மறுதேர்வு அறிவிப்பு வந்தது. பேர் கொடுக்க மாட்டேன் என்று டீச்சர் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டதும், வாத்தியார் அகராதியோடு ஆறாம் வகுப்பு வாசலில் போய் நின்றார்.

“டீச்சர், உங்க நாக்கு நல்லாத்தான் இருக்குதுங்க. தப்பு எம்பேர்ல.”

முன்பக்கத்தைக் காட்டினார். டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதெ எப்ப சார் பாத்தீங்க?”

“லீவுல.”

“லீவு முடிஞ்சு வாரமாச்சுங்களே.”

வாத்தியார் அகராதியை மூடினார்.

“பேரு குடுத்துடறனுங்க. ஆனா நீங்க சொல்லிக்குடுத்ததத்தான் நானும் இந்தப் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன். அதுங்ககிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க.”

வாத்தியார் உள்ளே போய், கரும்பலகையில் ‘எஜுகேஷன்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதினார். கோடு போடக் கையை உயர்த்துமுன்பே பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லி, ஜுவில் பெஞ்சுகளைத் தட்டினார்கள்.