சுவரில் வெந்த முட்டை

மூக்குக் கண்ணாடி விற்று வயிறு வளர்க்கிறவர் மூக்கைக் கண்டு பயப்படுவதாவது! ஆனால் கண்ணாடிக்காரர் பயந்தார். எல்லா மூக்குக்கும் அல்ல, ஒரே ஒரு மூக்குக்கு. அது அவர் குடியிருந்த வீட்டின் மாடியில், வீட்டுக்காரரின் முகத்தில் இருந்தது.

வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருஷம் ஒரு பிஸ்கட் கம்பெனிக் கிடங்கில் மோப்பம் பார்த்தவர். எந்த வெண்ணெய் டின் கெட்டது, எந்த மாவு மூட்டையில் பூஞ்சை தட்டியது என்று உள்ளே போகாமலே சொல்லிவிடுவார். "மூணாவது வரிசை, அடியிலிருந்து ரெண்டாவது" என்பார். இறக்கிப் பார்த்தால் அதுவேதான் இருக்கும். ஒருமுறை ஜலதோஷம் என்று அவர் இரண்டு நாள் லீவு போட, கம்பெனியும் இரண்டு நாள் கதவைச் சாத்திவிட்டது. இதில் கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. ஜலதோஷம் மூன்று நாள் இருந்தது என்கிறவர்களும் உண்டு.

வீடு கொடுக்கும்போது அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. வீட்டுக்குள் வாடை நிற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சரியாக நாலு மணிக்கு, சமையலறைச் சுவரில் இருக்கும் மீட்டரைக் குறித்துக்கொள்ளும் சாக்கில் இறங்கி வருவார். மீட்டரைக் கண் பார்க்கும், மற்றதையெல்லாம் மூக்கு பார்க்கும். முன்பு குடியிருந்த வயலின் வாத்தியார், வயலின் பெட்டிக்குள் ஒரு ஆரஞ்சுத் தோலை மறந்து வைத்ததற்காகக் காலி செய்தார். அவருக்கும் முன்னால் இருந்த ஒண்டிக்கட்டை ஆசாமி, போன வாரம் தின்ற மீனுக்காக இந்த வாரம் போனார்.

வீட்டின் முன்னறைதான் கண்ணாடிக்கடை. வீடு போனால் கடையும் போகும், கடை போனால் சோறும் போகும். 

இந்த லட்சணத்தில், அவருடைய இரண்டரை வயது மகள் சுண்டு எதையும் சாப்பிடமாட்டாள். பால் மட்டும் இறங்கும். தட்டில் எதை வைத்தாலும் பாம்பைப் பார்த்தவள்போல் அலறுவாள். கை காலெல்லாம் குச்சி. குழந்தை டாக்டர் எடையைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"ஊட்டாதீங்க. சாப்பாட்டோட விளையாட விடுங்க. பிசையட்டும், பூசிக்கட்டும், தலையில கொட்டிக்கட்டும். பயம் தெளிஞ்சா வாய் தானா திறக்கும்."

அந்த விளையாட்டை எந்த நாளில் வைப்பது என்று டாக்டர் சொல்லவில்லை. கண்ணாடிக்காரர் மனைவி ஞாயிற்றுக்கிழமையில் வைத்தாள்.

கண்ணாடிக்காரர் முடி வெட்டிக்கொண்டு திரும்பியபோது மணி இரண்டு. கூடத்தில் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று சுத்தமாக இருந்தது. விரிப்பைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சாப்பாடு இருந்தது. தயிர் ஜன்னலில் வழிந்தது. உருளைக்கிழங்கு மெத்தையில் அப்பியிருந்தது. அரைவேக்காட்டு முட்டையின் மஞ்சள் நாலு சுவரிலும் கோலமாக ஒழுகியது. நடுவில் சுண்டு, தலையில் பால் சொட்ட, சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"டாக்டர் சொன்ன விளையாட்டு."

"ஃபேன்ல விளையாடச் சொன்னாரா?"

"இவ கிண்ணத்தைத் தூக்கி வீசினா. மேல ஃபேன் ஓடிக்கிட்டிருந்தது. அப்புறம் அது பாட்டுக்குப் பரிமாறிடுச்சு. ஒரு மூலையை விடலைங்க."

"மணி ரெண்டுடி! நாலு மணிக்கு மூக்கு வரும்!"

பயத்தில் மனுஷனுக்கு மூளை முன்னால் போகாது, கைதான் போகும். அவர் நேரே அடுப்படிக்கு ஓடி, அண்டா நிறைய வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து சுவரில் வீசினார். தரையிலும் ஊற்றினார். பாதி வெந்திருந்த முட்டை மீதியும் வெந்து சுவரைக் கவ்விக்கொண்டது. பால் திரிந்து தரை வெடிப்பில் இறங்கிவிட்டது.

"ஐயோ! பச்சைத் தண்ணியில ஊறவெச்சுத் துடைக்க வேண்டியதைச் சுவத்துலயே ஆம்லெட் போட்டுட்டீங்களே!"

அப்போதுதான் வாடை எழுந்தது. முதலில் உட்கார்ந்திருந்தது. பிறகு கூடத்தில் உலாத்தத் தொடங்கியது. எதிர்வீட்டு நாய் குரைக்க வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டு, அடுத்த தெருவுக்குக் குடிபோய்விட்டது. அது இன்னும் திரும்பவில்லை.

கண்ணாடிக்காரருக்குப் பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்பது கண்ணில் ஓடியது. இடுப்பில் குச்சிக் குழந்தை, கையில் கண்ணாடிப் பெட்டி.

"நிக்காதீங்க, சுரண்டுங்க" என்றாள் மனைவி.

அவள் பச்சைத் தண்ணீரில் துணியை முக்கி முட்டை மேல் ஒட்டி ஊறவிட, அவர் பழைய அளவுகோலால் சுரண்டினார். அதற்கு மேல் சோப்புத் தண்ணீர். அதற்கும் மேல் வினிகர். மெத்தையை வழித்து எடுத்துச் சமையல் சோடாவைக் கொட்டித் தேய்த்து, வெயிலில் போட்டார்கள். அவர் பதற்றத்தில் பிளீச்சிங் பவுடரை எடுத்து வினிகர் வாளியில் போடப் போனார். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டையும் கலந்தா விஷப்புகைங்க. வீடு போறதுக்கு முன்னாடி நாம போயிடுவோம்."

பொட்டலம் கீழே விழுந்தது. அவர் மூக்குக் கண்ணாடி முடுக்கும் குட்டித் திருப்புளியை எடுத்து, ஃபேன் இறக்கைகளைக் கழற்றினார். சுவிட்சுப் பலகையைக் கழற்றி அதன் பின்பக்கம் துடைத்தார். கதவுக் கீலைக் கழற்றினார். சுவர்க் கடிகாரத்துக்குள் ஒரு துளி மஞ்சள் இருந்தது. பெரிய முள்ளில் ஏறிச் சுற்றிக்கொண்டிருந்தது. அதையும் பிடித்தார். திரைச்சீலை, துடைப்பம், காலண்டர், எல்லாம் குளித்தன. சுண்டுவும் குளித்து, பால் குடித்து, பக்கத்து அறையில் தூங்கினாள். வினிகர் வாடையும் நிற்கக் கூடாதென்று வெறும் தண்ணீரால் மூன்று முறை துடைத்து, வாடையை உறிஞ்ச மூலைக்கு மூலை கிண்ணத்தில் கரி வைத்தார்கள். துடைத்த கந்தலையும் வழித்த சாப்பாட்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, அதையும் இன்னொன்றில் போட்டு, மூன்றையும் முடிந்து, மனைவி பின்கட்டில் வைத்தாள்.

மாடியில் நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம். முதல் படி. இரண்டாம் படி.

"வருதுடி."

"மூச்சு விடுங்க. விடாம இருந்தாலும் சந்தேகம் வரும்."

வீட்டுக்காரர் வாசலில் நின்றார். ஒரு இழுப்பு இழுத்தார். இன்னொன்று. கூடத்துக்கு வந்து மூலைக்கு மூலை இழுத்தார். கண்ணாடிக்காரர் சுவரோடு சுவராகச் சாய்ந்தார். பிடரியில் வேர்வை இறங்கியது.

மீட்டரைப் பார்க்காமல் வீட்டுக்காரர் அடுப்படி முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கண்ணாடி."

"ஐயா."

"எனக்கு ஒண்ணுமே வரலைப்பா."

"என்னங்கய்யா வரலை?"

"வாசனை! ஒரு வீடுன்னா எண்ணெய் வரணும், துணி வரணும், மனுஷ வேர்வை வரணும். நீ இதோ தொப்பலா நிக்கிற, உன் வேர்வைகூட வரலை. ஒண்ணும் இல்ல. வெறும் காத்து." அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "போயிடுச்சு. என் மூக்கு போயிடுச்சு."

"வெளிய வந்து பாருங்கய்யா, சாக்கடை ஓரமா..."

"வேணாம்! அங்கயும் வரலைன்னா?"

முக்காலியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். வீட்டு வாசனையையும் சேர்த்துத் துடைத்துவிட்டோம், வேர்வையைக் கரி குடித்துவிட்டது என்று கண்ணாடிக்காரருக்குப் புரிந்தது. மனைவி கண்ணைக் காட்டினாள்: வாயைத் திறக்காதீங்க. நியாயம்தான். மூக்கு போனதாகவே கிழவர் நம்பிவிட்டால் ஆயுசுக்கும் வீடு பத்திரம். சுண்டு தினம் தினம் விளையாடலாம். சொன்னால் நாளைக்கே தெருவில் நிற்க வேண்டும்.

பதினெட்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கான மூக்கைத் தொட்டு அளந்திருக்கிறார் அவர். ஒரு மூக்கு அழுது பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். நுனியில் ஒரு சொட்டு தொங்கியது.

கண்ணைக் காட்டிய அவளுக்கே பொறுக்கவில்லை. விடுவிடுவென்று பின்கட்டுக்குப் போய் அந்தப் பையைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்து, மூன்று முடிச்சையும் அவிழ்த்தாள். கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்காரர் குனிந்தார். ஒரே இழுப்பு. முதுகு நிமிர்ந்தது.

"தயிர். நேத்து உறை ஊத்தினது. பால். முட்டை ரெண்டு, ஒண்ணு கொஞ்சம் பழசு. உருளைக்கிழங்கு. வினிகர்." குரல் ஏறிக்கொண்டே போனது. இன்னொருமுறை இழுத்தவர் சட்டென்று முறைத்தார். "வெந்நீர் ஊத்தினது யாரு?"

கண்ணாடிக்காரர் பள்ளிக்கூடப் பையன்போல் கையைத் தூக்கினார். பிறகு மனைவி எல்லாவற்றையும் சொன்னாள்: டாக்டர், விளையாட்டு, ஃபேன், ஆம்லெட். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப... வீடுங்கய்யா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"வாடை நிக்கக் கூடாதுன்னுதானே சொன்னேன்?"

"ஆமாங்கய்யா."

"நின்னுச்சா?"

"ரெண்டு மணி நேரம் நடமாடுச்சுங்கய்யா."

"நிக்கலை இல்ல? விடு." அவர் மறுபடி பைக்குள் மூக்கை நீட்டினார். நெற்றி சுருங்கியது. "ஏம்மா, உருளைக்கிழங்கு எத்தனை வேகவெச்ச?"

"மூணுங்கய்யா."

"இதுல ரெண்டரைதான் இருக்கு."

அரை உருளைக்கிழங்கு! எந்தச் சந்தில் கிடக்கிறதோ, புதன்கிழமைக்குள் அழுகி ஊரைக் கூட்டுமே! புருஷனும் பெண்டாட்டியும் நாலு காலில் தவழ்ந்து அலமாரிக்கு அடியில் தலையை விட்டார்கள். வீட்டுக்காரர் மட்டும் தவழவில்லை. மூக்கு போன வழியே நடந்தார். கூடத்தைத் தாண்டி, அறை வாசலில், தூக்கம் கலைந்து நின்ற சுண்டுவின் முன்னால் நின்று குனிந்தார்.

"ஆ காட்டு."

அவள் காட்டினாள். அவர் இழுத்தார். நிதானமாக நிமிர்ந்து, குழந்தையின் வயிற்றை ஒரு விரலால் தொட்டார்.

"இங்க இருக்கு. மேல பால், கீழ அது."

தரையில் மண்டியிட்டபடியே மனைவி அவரைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை பாருங்கய்யா."

அவர் இன்னொரு தடவை குனிந்தார்.

"அரைக் கிழங்கேதான்" என்றார். "உப்புப் போடாதது."