நூற்றுப் பன்னிரண்டா, நூற்று இருபத்தொன்றா

வீட்டில் எல்லோரும் அவளை மில்லிகிராம் என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துக்கடையில் இருபது வருடம் நின்றதில் வந்த பட்டம் அது. தலைவலிக்கு மாத்திரை இருக்கா என்று யார் கேட்டாலும், "எத்தனை கிலோ இருக்கீங்க?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. எடை தெரியாமல் சொந்தத் தம்பிக்குக்கூட அரை மாத்திரை கொடுக்கமாட்டாள்.

அவள் கணவர் பல் டாக்டர். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒருவரின் கடைவாய்ப் பல்லைப் பாதி பிடுங்கிய நிலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிளினிக் தரையில் உட்கார்ந்துவிட்டவர். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மனுஷன் இனிமேல் நடைப்பயிற்சிக்கு நல்ல ஷூ வாங்குவார் என்று பார்த்தால், லாரிக்குத் தம்பி மாதிரி ஒரு பழைய வண்டியை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். நாலு சக்கரமும் இழுக்கும், ஆறு, மணல், பாறை எதையும் விடாது என்று விற்றவன் சொல்லியிருந்தான். அந்த இரண்டு வருடத்தில் வண்டி ஏறிய அதிகபட்ச உயரம் சூப்பர் மார்க்கெட்டின் மூன்றாவது மாடிப் பார்க்கிங்.

ஆனால் சாமான் மட்டும் சேர்ந்துகொண்டே போனது. முன்னால் இரும்பு பம்பர், அதில் சேற்றில் மாட்டினால் இழுத்துக்கொள்ள ஒரு விஞ்ச், கூரையில் கூடாரம், இரண்டாவது ஸ்டெப்னி. கடைசியில் ஒரு வழியாக, மலை உச்சி ஏரிக்கு நாலு நாள் போய்வரத் தேதியும் குறித்தார்கள். மேலே போக முப்பது கிலோமீட்டர் கல்பாதை. டயர் நாலும் வழுக்கையாகியிருந்தன. புதுசு போட்டாக வேண்டும்.

அங்கேதான் அவள் தம்பி உள்ளே நுழைந்தான். அலுவலகத்தில் என்ன வேலை பார்க்கிறான் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. வீடியோ பார்ப்பான். அதனால் எல்லாம் தெரியும். குடும்பத்தில் அவனுக்கு வல்லுநர் என்று பெயர்.

"மாமா, கண்ண மூடிட்டு நூத்து இருபத்தொண்ணு போடுங்க" என்றான், டயர்க்கடை வாசலிலேயே. "லாரி டயர் மாதிரி. பத்து அடுக்கு. பாறையே கிழிஞ்சிடும்."

"பாறை கிழிஞ்சா எனக்கென்ன வந்துச்சு?" என்றாள் மில்லிகிராம்.

டயர்க்கடை அம்மாவுக்கு வயது அறுபது இருக்கும். காதில் சாக்பீஸ் செருகியிருந்தார். மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து வரிசையாகச் சாத்தினார்.

"இது தார் ரோட்டுக்கு. இது சேத்துக்கு, பல்லு பெருசா இருக்கும், தார் ரோட்டுல போனா ஹெலிகாப்டர் மாதிரி கத்தும். இது ஆல் டெரெயின். ரெண்டுக்கும் நடுவுல. உங்களுக்கு இதான். இதுல எந்த நம்பர்ங்கறதுதான் கேள்வி."

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த எண்ணைச் சாக்பீஸால் வட்டமிட்டுக் காட்டினார். நூற்றுப் பன்னிரண்டு என்றால் ஒரு டயர் ஆயிரத்து நூற்று இருபது கிலோ தாங்கும். நூற்று இருபத்தொன்று என்றால் ஆயிரத்து நானூற்று ஐம்பது.

"அப்ப பெரிய நம்பர் போட்டா வண்டியில அதிகமா ஏத்தலாம்ல?" என்றார் பல் டாக்டர்.

"டயர் தாங்கும் சார். வண்டி தாங்கணுமே? கதவுப் பக்கம் ஸ்டிக்கர்ல ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பதுன்னு போட்டிருக்கு. ஆள், சாமான், டீசல் எல்லாம் சேர்த்து அவ்ளோதான். பெரிய செருப்பு போட்டா கால் வளராது."

"ஆனா ஸ்ட்ராங்கா இருக்கும்ல?" என்றான் வல்லுநர்.

"இருக்கும். கல்லு மேல ஏறினா டயர் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கணும் தம்பி. இது அமுங்காது. உங்க முதுகுதான் அமுங்கும்." அவர் பல் டாக்டர் பக்கம் திரும்பினார். "எவ்ளோ வெயிட் ஏத்தப் போறீங்க?"

"நாலு பேரு. கொஞ்சம் சாமான்."

மில்லிகிராம் நிமிர்ந்தாள். 'கொஞ்சம்' என்ற அளவு அவளுடைய அகராதியிலேயே கிடையாது. "கொஞ்சம்னா எத்தனை கிலோன்னு கேக்கறாங்க" என்றாள்.

யாருக்கும் தெரியவில்லை. "ஊருக்குப் போற மாதிரியே எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு, ஆளும் ஏறிக்கிட்டு, எடை மேடைக்குப் போய்ச் சீட்டு வாங்கிட்டு வாங்க. அப்புறம் டயர் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு டயர்க்கடை அம்மா வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய இரும்புக் கிடங்கின் எடை மேடையில் வண்டி ஏறி நின்றது. பின்சீட்டில் வல்லுநரும், பல் டாக்டரின் அக்காவும். மில்லிகிராமுக்கு அண்ணி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பயணத்தில் நாலாவது ஆள். பின்னால் மூன்று லாரிகள் வரிசையில் காத்திருந்தன.

மேடைக்காரர் கண்ணாடி அறைக்குள் மைக்கோடு உட்கார்ந்திருந்தார். வெளியே ஆள் உயரத்துக்குச் சிவப்பு எண்கள் எரியும் பலகை.

"மூவாயிரத்து நூத்து எண்பது" என்று ஒலிபெருக்கி கிடங்கு முழுக்க அறிவித்தது.

கதவு ஸ்டிக்கரில் போட்டிருந்ததைவிட இருநூற்று முப்பது கிலோ அதிகம்.

"மேடை தப்பா காட்டுது" என்றான் வல்லுநர்.

"ஆள் எவ்ளோ, சாமான் எவ்ளோன்னு பாத்துடலாம். ஒவ்வொருத்தரா இறங்குங்க" என்றாள் மில்லிகிராம். "நீ எவ்ளோடா?"

"எண்பத்தஞ்சு."

அவன் இறங்கினான். பலகையில் எண் புரண்டு மூவாயிரத்து எழுபதில் நின்றது.

"இறங்கினவர் நூத்திப் பத்து" என்றது ஒலிபெருக்கி. மைக்கில் இதைச் சொல்ல வேண்டும் என்று யாரும் மேடைக்காரரைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த மனுஷனுக்கும் பொழுது போக வேண்டாமா? முதல் லாரியின் டிரைவர் ஹார்ன் அடித்துக் கைதட்டினார்.

"ஷூ வெயிட்" என்றான் வல்லுநர்.

அடுத்து அண்ணியின் முறை. அவர் சீட் பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். "நான் இறங்க மாட்டேன். வேணும்னா மேடையைக் கழட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"அண்ணி, டயருக்காகத்தானே?"

"முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்க மார்க்கைக் கூட நான் சத்தமா படிச்சதில்ல. என் எடையை லாரிக்காரன் கேக்கணுமா?"

பல் டாக்டர் திரும்பி அக்காவைப் பார்த்தார். "நாம ரெண்டு பேரும் ஒண்ணா குதிச்சிடலாம்க்கா. யார் எவ்ளோன்னு எவனுக்கும் தெரியாது."

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, ஆளுக்கொரு கதவு வழியாகக் குதித்தார்கள். "இறங்கினவங்க நூத்தி அறுபது" என்றது ஒலிபெருக்கி, ஏமாற்றத்தோடு. அண்ணி பல் டாக்டரின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

மில்லிகிராம் அறுபத்திரண்டு என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பலகை எழுபது குறைந்தது. "இது பத்துப் பத்தாதான் காட்டும்" என்றாள் உடனே. யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதே பெரிய மரியாதை.

மேடையை லாரிகளுக்கு விட்டுவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்திச் சாமானை இறக்கி, கிடங்கின் சின்னத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். வல்லுநரின் பெட்டியில் இரண்டு ஜாக்கி, ஒரு கோடாலி, காற்றடிக்கும் எந்திரம், யானையைக் கட்டுகிற தடிமனில் ஒரு சங்கிலி. "இதெல்லாம் இல்லாம மலைக்குப் போறவன் பைத்தியக்காரன்" என்று சொல்லிக்கொண்டே மூச்சு வாங்கினான். அறுபது கிலோ.

அடுத்து வந்த தகரப் பெட்டி மில்லிகிராமுடையது. பூட்டியிருந்தது. திறக்கச் சொன்னார்கள். அவள் சாவியைத் தேடினாள், தேடினாள், அது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கடைசியில் திறந்தபோது உள்ளே பாதி மருந்துக்கடை இருந்தது. இருபது பாட்டில் சலைன், கட்டுத்துணி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இரண்டு.

"ரெண்டு எதுக்கு?" என்றார் அண்ணி.

"ஒண்ணு தப்பா காட்டினா?"

"சலைன்?"

"பாம்பு கடிச்சா?"

"பாம்புக்கா, நமக்கா?" என்றான் வல்லுநர். நூற்றுப் பத்துக்குப் பழிவாங்க அவனுக்கு நேரம் வந்துவிட்டது. "எடை எடைன்னு எங்கள லாரிக்காரன் முன்னால நிக்க வெச்சியே, உன் பெட்டி மட்டும் முப்பத்தஞ்சு கிலோவா!"

அவன் சிரித்துக்கொண்டே சீட்டுக்குக் கீழே போர்வை சுற்றி வைத்திருந்த இன்னொன்றையும் இழுத்தான். போர்வை நழுவியது. குழந்தை உயரத்தில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர்.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. பல் டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கா?"

"பின்ன, வண்டிக்கா?" என்றாள். குரல் அவள் நினைத்த அளவுக்குக் கடுமையாக வரவில்லை. அந்த இரண்டு வருடமும் ராத்திரி அவர் புரண்டு படுத்தால் விழித்துக்கொண்டவள். மலை உச்சியில் காற்று எவ்வளவு மெலிந்திருக்கும், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி நேரம் என்று மூன்று விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தவள். இதய டாக்டர் தாராளமாகப் போகலாம் என்று எழுதியே கொடுத்திருந்தார். டாக்டருக்கென்ன, அவர் கூடவா வரப்போகிறார்?

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன சொல்லுவீங்க? எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்னு நெஞ்சத் தட்டிக் காட்டுவீங்க."

பல் டாக்டர் யோசித்தார். "ஆமா. அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு குனிந்து சிலிண்டரைத் தானே தூக்கி, சீட்டுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்து, பட்டை போட்டு இழுத்துக் கட்டினார். கட்டிய பட்டையை அவள் வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"இது இருக்கட்டும்" என்றார். "பம்பரையும் விஞ்சையும் கழட்டிடலாம். அதுவே நூத்திப் பத்து கிலோ."

"மாமா!" வல்லுநர் அலறினான். "பம்பர் இல்லாம வண்டியைப் பாத்தா பல்லு போன கிழவன் மாதிரி இருக்கும்."

"பல்லு போனா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும் மாப்ள. உன் ஜாக்கியையும் இறக்கு."

பம்பரும் விஞ்சும் டயர்க்கடையில் கழன்றன. இரண்டாவது ஸ்டெப்னி, வல்லுநரின் இரும்புப் பெட்டி, மில்லிகிராமின் தகரப் பெட்டி எல்லாம் வீட்டுக்குப் போயின. சலைனில் இரண்டு பாட்டிலை மட்டும் அவள் துணிப்பைக்குள் நகர்த்தியதை அண்ணி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். மறுபடி மேடை ஏறியபோது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. பின் அச்சு மட்டும் ஆயிரத்து எழுநூறு.

டயர்க்கடை அம்மா சீட்டை வாங்கிப் பார்த்து, ஒரு டயரின் மேலேயே சாக்பீஸால் கணக்குப் போட்டார். "பின்னாடி ஒரு டயருக்கு எண்ணூத்தி அம்பது. நூத்திப் பன்னெண்டு தாராளம். கல்லு ரோடு வந்ததும் காத்தைக் கொஞ்சம் இறக்கிக்கங்க, தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காம ஏத்திக்கங்க. போயிட்டு வாங்க."

அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஒரு மாதம் ஆகியிருந்தது.

கல்பாதை சொன்ன மாதிரியே கல்லாக இருந்தது. டயர்கள் கல்லை வாங்கி வாங்கி விட்டன. பல் டாக்டர் நோயாளியின் வாய்க்குள் போகிற கவனத்தோடு, மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் ஓட்டினார். மில்லிகிராம் சாலையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முகம் நன்றாகத்தான் இருந்தது. ஏழு வயதுப் பையனுக்கு இருக்கவேண்டிய முகம்.

பாதி மலையில் நிறுத்தி, இறங்கி, டயரைச் சுற்றி நின்று காற்று அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. வளைவில் ஒரு சின்னஞ்சிறு கார் வந்தது. உள்ளே ஆறு பேர். கூரையில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு மர பீரோ. டயர்களில் ஒரு கோடுகூட மிச்சமில்லை.

கார் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண் தலையை வெளியே நீட்டினாள். "ரிப்பேரா சார்? தள்ளணுமா?"

"இல்ல, இல்ல" என்றார் பல் டாக்டர். பிறகு ஆசை விடாமல் கேட்டார். "உங்க வண்டியில என்ன டயர் போட்டிருக்கீங்க?"

அவள் எட்டிப் பார்த்தாள், அதுவரை பார்த்ததில்லை போல. "தெரியலியே. உருண்டையா இருக்கு."

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேலே போயிற்று. பீரோவின் கதவு ஒன்று திறந்து திறந்து மூடியது. அண்ணி பாறை மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பல் டாக்டரும் சிரிக்க ஆரம்பித்தார். அவருக்கு மூச்சு வாங்குகிறதா என்று மில்லிகிராம் ஒரு நிமிஷம் கவனித்துப் பார்த்துவிட்டு, வாங்கவில்லை என்றானதும் தானும் சிரித்தாள்.

மிச்ச வழியில் வல்லுநர் டயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேகங்களைப் பற்றிப் பேசினான். அதிலும் அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.