காந்தத்துக்குள் போகும் முன்

மச்சானுக்கு நான் தர வேண்டியது பதினெட்டாயிரத்து நானூறு. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். நான் கிரைண்டர் பிடிக்கிற இரும்புப் பட்டறையிலேயே அவர் வெல்டர். என் சிறுநீரகக் கல்லை அதிர்வலை கொடுத்து உடைக்க அவர் கொடுத்த பணம் அது. கல் தூளாகிவிட்டது. ஆனால் மறுபடி கிரைண்டரைத் தூக்கியதும் இடது விலாவுக்குக் கீழே சுருக்கென்று பிடித்தது. அலை பட்ட சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த பிறகுதான் வேலைக்கு விடுவேன் என்றார் டாக்டர். வேலைக்குப் போனால்தானே கடன் அடையும்.

ஸ்கேன் அறை வாசலில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன்.

"மாப்ளே, கால்ல வெந்நீரக் கொட்டிக்கிட்ட மாதிரி என்ன ஆட்டம்? உன்னப் பாத்து எனக்கு மூத்திரம் முட்டுது" என்றார் மச்சான்.

கதவில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'எச்சரிக்கை. பலமான காந்தம்.' மனசு கொஞ்சம் குளிர்ந்தது. பட்டறையில் யார் கண்ணில் இரும்புத் தூள் விழுந்தாலும் இமையைப் பிரித்து, பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைக் காட்டித்தான் எடுப்போம். என் வலது கண்ணில் விழுந்த ஒன்று முழுசாக வரவில்லையோ என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம்.

மெஷின் பார்க்கிற பெண் வந்தாள். "உடம்புல கம்பி, பிளேட்டு ஏதாவது வச்சிருக்காங்களாண்ணே?"

"இல்லம்மா. கண்ணுல ஒரு பொடி இருந்தாலும் இருக்கும். அதையும் சேத்து இழுத்துட்டா புண்ணியமாப் போகும்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கதவுக்குக் குறுக்கே கையை வைத்தாள்.

"இழுக்கும்ணே. கண்ணக் கிழிச்சுக்கிட்டு இழுக்கும். அப்படியே நில்லுங்க."

"உனக்கு நாக்குல சனி" என்று மச்சான் பல்லைக் கடித்தார்.

"அவர் வாயத் திறந்ததாலதான் கண்ணு தப்பிச்சுது சார்" என்றாள்.

முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். முடிவு வருவதற்குள் வராந்தாவை நடந்தே தேய்த்துவிட்டேன். துகள் ஏதும் இல்லை. அப்புறம்தான் குழாய்க்குள் அனுப்பினார்கள். அசையாதே என்றார்கள், மூச்சைப் பிடி என்றார்கள். தகரத்தை அடிப்பது போன்ற சத்தம். சும்மா படுத்திருக்க உடம்பு ஒப்பவில்லை.

சாயங்காலம் டாக்டர் படத்தைக் காட்டினார்.

"கல்லு இல்ல. ஆனா அலை பட்ட இடம் வீங்கியிருக்கு. மேல் உறைக்கு அடியில ரத்தம் கட்டியிருக்கு. தானாக் கரைஞ்சிடும். அதுக்குள்ள கனம் தூக்கினா மறுபடி கசியும்."

"எப்ப வரைக்கும் சார்?"

"அடுத்த ஸ்கேன்ல சொல்றேன்."

வெளியே வந்ததும் சொன்னேன்: "மச்சான், என் சொந்தக் கிரைண்டரையும் கட்டிங் மெஷினையும் கடனுக்கு எடுத்துக்கங்க."

"அவ்வளவு பெறாதே மாப்ளே."

"பெறாட்டி?"

"பெறும்னே வச்சுக்குவோம். கணக்குத் தீந்துச்சு. என் தங்கச்சிகிட்ட மட்டும் நீயே சொல்லிடு. நான் சொன்னா, புருஷன ஏமாத்திட்டேன்னு வெளக்கமாத்த எடுப்பா."

நேரே பட்டறைக்குப் போனோம். கட்டிங் மெஷினைத் தூக்கிக் கொடுக்கக் குனிந்தேன். கையைத் தட்டிவிட்டு அவரே தூக்கிக்கொண்டு போனார்.