சலவைக்கூடத்தில் ஏறிய பாஷை

நாத்தனாருக்குப் பிழைக்க வந்த அந்த ஊர்ப் பாஷை தண்ணீர் பட்ட பாடு. தம்பி மனைவிக்கு அதில் ஒரு வார்த்தைகூட ஏறாது என்பது நாத்தனாரே எழுதிவைத்த தீர்ப்பு. "உனக்கு எதுக்கும்மா அந்தக் கஷ்டம், நான் இருக்கேன்ல" என்பாள். கேட்பதற்கு அக்கறை மாதிரித்தான் இருக்கும். ஒருத்தியின் வாயைக் கட்டிப்போட அதைவிட நல்ல கயிறு கிடையாது.

ஆனால் தம்பி மனைவி வேலை பார்த்தது ஆஸ்பத்திரித் துணிகள் வந்து குவியும் சலவைக்கூடத்தில். அங்கே யாரும் பாடம் நடத்தவில்லை. மேற்பார்வைக்காரி கத்துவாள், அவ்வளவுதான். மூட்டையைப் பிரித்ததும், "ரத்தம். தனியாப் போடு." கறை பட்ட விரிப்பை யாராவது சுருட்டி மற்றதோடு தள்ளிவிட்டால், "மறைக்காதே" என்று கூரை அதிரும். கொஞ்சம் உட்கார்ந்தால், "அசதியா? வீட்டுக்குப் போ." இப்படி வசவோடு வசவாகத்தான் அவளுக்குப் பாஷை ஏறியது. வணக்கம், நன்றியெல்லாம் அவளிடம் யாரும் சொன்னதில்லை. அதனால் அவை தெரியாது.

மாதக்கணக்காக அவளுக்கு உதிரம் நிற்கவில்லை. படியேறினால் கண்ணை இருட்டியது. டாக்டரம்மாவிடம் நாத்தனார்தான் கூட்டிப்போனாள். போன இரண்டு தடவையும் வெறும் சத்து மாத்திரையோடு திரும்பியாயிற்று. மூன்றாம் தடவை டாக்டர் அறைக்குள் நுழையும்போது அவள் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்காவது எல்லாத்தையும் சொல்லுங்க அண்ணி. நிக்காம போகுது, கட்டிகட்டியா போகுதுன்னு சொல்லுங்க."

நாத்தனார் சிரித்த முகமாக டாக்டரிடம் நீளமாகப் பேசினாள். அதில் 'அசதி' வந்தது. மறுபடியும் 'அசதி' வந்தது. தினமும் காது கிழியக் கேட்ட 'ரத்தம்' மட்டும் வரவேயில்லை.

"ரத்தம்னு நீங்க சொல்லவே இல்லையே, அண்ணி."

நாத்தனார் முகம் செத்துவிட்டது. "உனக்கு எப்படி... சரி விடு. இதையெல்லாமா வெளியாள்கிட்ட சொல்லுவாங்க? நம்ம குடும்ப மானம் என்னாகிறது?"

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் விழுங்கிய மாத்திரையும், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்ததும் இந்தப் பாழாய்ப்போன மானத்துக்காகவா? அவள் செத்தால் அந்த மானத்தைத்தான் போர்த்திப் படுக்கவைப்பார்களா?

டாக்டர் மறுபடியும் மாத்திரை எழுதத் தொடங்கியிருந்தார். அவள் கையை நீட்டிப் பேனாவை அமுக்கிப் பிடித்தாள்.

"ரத்தம்," என்றாள், அந்தப் பாஷையில். டாக்டர் நிமிர்ந்தார். "நிறைய. தினம். இவ மறைக்கிறா."

மேற்பார்வைக்காரியின் அதட்டல் அப்படியே அவள் வாயிலிருந்து வந்தது. வேறு குரலில் அந்தப் பாஷையைப் பேச அவளுக்குத் தெரியாது. நாத்தனார் பதறிப்போய், குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் நாத்தனாரை நேராகக் கை காட்டினாள்.

"தனியாப் போடு."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். எழுந்துபோய்க் கதவைத் திறந்து, நாத்தனார் வெளியே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.