செவ்வாய்க்குப் படுத்தே போன ஃபெர்டோ

விண்ணப்பத்தை நிரப்பியது ஃபெர்டோ அல்ல, அவன் மனைவி ஸ்வோன்கா. ஃபெர்டோ அப்போது சோபாவில் கிடந்தான். குளிர்காலம் முழுக்க ஊராட்சிக்காகப் பனி அள்ளும் வண்டி ஓட்டுவான். பனி உருகியதும் ஆள் சோபாவோடு ஒட்டிக்கொள்வான். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஸ்வோன்கா திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள்.

"யோவ், உன்னைத்தான் தேடுறாங்க."

"யாரு?"

"விண்வெளி ஆராய்ச்சிக்காரங்க. அறுபது நாள் படுத்தே கிடக்க ஆள் வேணுமாம். செவ்வாய்க்குப் போற ஆளுங்களுக்கு எலும்பும் தசையும் எப்படிக் கரையும்னு பாக்கப் போறாங்களாம்."

"படுத்தேவா?"

"எந்திரிக்கவே கூடாதாம்."

ஃபெர்டோ விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். அந்த மாதத்தில் அவன் அவ்வளவு வேகமாக எழுந்தது அதுவே முதல்முறை.

படிவத்தில் 'வழக்கமான உடலுழைப்பு' என்ற இடத்தில் ஸ்வோன்கா 'இல்லவே இல்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டாள். தேர்வுக் குழுவுக்கு அந்த அடிக்கோடு மிகவும் பிடித்திருந்ததாகப் பின்னால் தெரிந்தது. ஊர் மதுக்கடையில் ஃபெர்டோவின் தோளைத் தட்டிய ஒவ்வொருவரும், "கடைசியில உனக்குன்னு ஒரு வேலை கெடச்சிருச்சுடா" என்று சொல்லிவிட்டுத்தான் தங்கள் கோப்பையைத் தொட்டார்கள்.

ஆராய்ச்சி நிலையம், வீரர்கள் சறுக்கி வந்து காற்றில் பாயும் பனிச்சறுக்குத் தாண்டல் மேட்டுக்கு எதிரே, மலையடிவாரத்தில் இருந்தது. பன்னிரண்டு பேர், ஆறு அறைகள். தலைமை மருத்துவர் நிவெஸ் விதிகளைச் சொன்னார். கட்டிலின் தலைப்பக்கம் ஆறு டிகிரி தாழ்ந்திருக்கும். எடையில்லாத இடத்தில் ஏறுவது போல ரத்தம் தலைக்கு ஏற வேண்டும், அதற்காக. தலையணை கிடையாது. சாப்பாடு, குளியல், மற்ற சமாசாரங்கள் எல்லாம் படுத்தபடியே. எந்த நேரமும் ஒரு தோளாவது மெத்தையில் பட்டிருக்க வேண்டும். அதைக் கண்காணிக்கக் கட்டிலுக்கு ஒரு கேமரா.

"இவ்வளவுதானா டாக்டர்?"

"இவ்வளவுதான்."

"வீட்ல இதுக்கு நான் திட்டு வாங்குவேன்" என்றான் ஃபெர்டோ, நம்ப முடியாமல்.

முதல் இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் மூக்கு அடைத்தது. முகம் புளித்த மாவு போல உப்பியது. முதுகில் யாரோ கடப்பாரையை வைத்து நெம்புவது போலிருந்தது.

"எல்லாருக்கும் இப்படித்தான்" என்றான் செவிலியர் யெர்னெய், இரத்த அழுத்தம் பார்த்தபடி. "மேல போறவங்களுக்கும் முகம் உப்பத்தான் செய்யும்."

"அவங்களுக்கு ஜன்னல்ல பூமி தெரியும். எனக்கு என்ன தெரியுது?"

அவனுக்குத் தெரிந்தது தாண்டல் மேடு, அதுவும் தலைகீழாக. கோடைப் பயிற்சிக்கு வந்த பையன்கள் வரிசையாக வானத்துக்குள் விழுந்துகொண்டே இருந்தார்கள். ஒருவன்கூடத் தரைக்குத் திரும்பியதாகத் தெரியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்த அல்யோஷா சைக்கிள் பந்தய வீரன், இருபத்தாறு வயது. காலை விழித்ததும் தன் தொடையைத் தடவிப் பார்த்து, "அண்ணே, போயிருச்சுண்ணே" என்பான்.

"எங்கடா போகும்? இருக்கு."

"நேத்து இருந்த அளவு இல்லண்ணே."

ஆறாம் நாள் ஃபெர்டோவுக்கு ஒரு பயங்கரம் புரிந்தது. சோபாவில் கிடந்த சுகம் சோபாவால் வந்தது அல்ல. 'எந்திரிடா' என்று சொல்ல ஆள் இருந்ததால் வந்தது. இங்கே எழுந்தால்தான் திட்டு. அன்று வீடியோ அழைப்பில் மனைவியிடம் கெஞ்சினான்.

"ஸ்வோன்கா, என்னை ஒரு வார்த்தை திட்டேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். படுத்தே கெடக்கேன்ல, அதுக்கு."

"உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒரே ஒரு வார்த்தை."

ஸ்வோன்கா தொண்டையைச் செருமி, "சோம்பேறி" என்றாள். வாக்காளர் பட்டியலைப் படிப்பது போலிருந்தது.

"மனசாரச் சொல்லு!"

"வரமாட்டேங்குதே. நீ அங்க வேலையா இல்ல இருக்க."

அழைப்பை முடித்துவிட்டு ஃபெர்டோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் யெர்னெய் சாப்பாட்டு மேசையைத் தள்ளிக்கொண்டு வந்தான். அதன் சக்கரம் கீச்சென்றது. ஆறு நாளாகக் கீச்சிட்டுக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கு மட்டும் ஃபெர்டோவால் அதைப் பொறுக்க முடியவில்லை. மதிய ஓய்வு நேரத்தில், இடது தோளை மெத்தையில் அழுத்திக்கொண்டு, வலது கையைக் கீழே விட்டு, கரண்டிக் காம்பால் திருகாணியை முடுக்கி, முகத்துக்குப் பூசக் கொடுத்த களிம்பில் கொஞ்சம் சக்கரத்துக்குப் பூசினான். கீச்சு நின்றது. ஃபெர்டோவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படி ஒரு இன்பம் உலகத்தில் இருப்பதை யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. உண்மையில் ஸ்வோன்கா பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த நாள் அல்யோஷாவின் ஒரு பக்கம் ஊமையாகிப்போன ஹெட்போனைச் சரிசெய்தான். சேதி பரவியது. குளிக்க ஒவ்வொருவரையும் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோவார்கள். அந்த வண்டியே தபால் வண்டியானது. நாலாம் அறையிலிருந்து சவர மெஷின் வந்தது. இரண்டாம் அறையிலிருந்து கைக்கடிகாரம். பிறகு யெர்னெய் தன் குடையைக் கொண்டுவந்தான், மறுநாள் மாமியார் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை. கேமரா பார்ப்பவருடைய வேலை தோள்களைப் பார்ப்பது மட்டும்தான். கைகள் வேறு யாருடைய பொறுப்போ என்று அவர் இருந்துவிட்டார்.

முப்பத்தெட்டாம் நாள் டாக்டர் நிவெஸ் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து கட்டிலருகே நின்றார்.

"ஃபெர்டோ, எல்லாருக்கும் தொடை கரையுது. உங்களுக்கும் கரையுது. ரொம்ப சந்தோஷம். ஆனா உங்க முன்னங்கை மட்டும் பெருத்துக்கிட்டே போகுது. நீங்க செவ்வாய்க்குப் போறீங்களா, மல்யுத்தத்துக்குப் போறீங்களா?"

"சாப்பாடு நல்லாருக்கு டாக்டர்."

"மூணு தடவை அளந்தாச்சு. அளக்குற டேப்பைக்கூட மாத்திட்டேன்."

அன்று பிற்பகல் அவரே உட்கார்ந்து கேமராப் பதிவுகளை ஓட்டிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"உங்க நெஞ்சு மேல வச்சுப் பிரிச்சீங்களே, அது என்னோட காபி மெஷின்."

"ஆமா டாக்டர்."

"ஆள் விட்டுச் சரிபண்ணினேன்னு யெர்னெய் சொன்னான்."

"அந்த ஆளு நான்தான்."

டாக்டர் இடுப்பில் கை வைத்து முறைத்தார். ஃபெர்டோ மெல்லக் கேட்டான். "இப்ப நல்லா வருதா?"

"முன்னைவிட நல்லாவே வருது. விஷயம் அது இல்ல!"

விஷயம் இரண்டு நாள் இழுத்தது. ஃபெர்டோ ஒரு விதியையும் மீறவில்லை. எல்லாப் பதிவிலும் ஒரு தோள் மெத்தையில்தான் இருந்தது. மெத்தையில் படுத்தபடி காபி மெஷினைப் பிரிக்கக் கூடாது என்று எழுத ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. பாதியில் எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அவன் பயந்தான். ஊரில் என்ன சொல்வார்கள்? படுக்கக்கூடத் துப்பில்லை என்பார்கள். கடைசியில் வெளிநாட்டிலிருந்த மேல்குழு, ஆளை வைத்துக்கொள்ளுங்கள், என்னென்ன பழுது பார்த்தார் என்று பட்டியல் அனுப்புங்கள் என்று எழுதியது. நெடும்பயணத்தில் கைக்கு வேலை கொடுத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கே இப்போது ஆவல் வந்துவிட்டது.

டாக்டர் பட்டியலை உறுதி செய்துகொள்ள வந்த நேரம், ஸ்வோன்கா திரையில் இருந்தாள். படிக்க வேண்டாம் என்று ஃபெர்டோ கண்ணைக் காட்டினான். டாக்டருக்குப் புரியவில்லை.

"மொத்தம் முப்பத்தொண்ணு" என்று உரக்கப் படித்தார். "மேசைச் சக்கரம். ஹெட்போன். குடை ரெண்டு. சுவர்க்கடிகாரம். காபி மெஷின்..."

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்றாள் திரையிலிருந்த ஸ்வோன்கா. "இதெல்லாம் யாரு செஞ்சது?"

"உங்க வீட்டுக்காரர்தான்."

"நீங்க ஆள மாத்திச் சொல்றீங்க. எங்க வீட்டுக்காரர் அந்தக் கட்டில்ல படுத்திருக்காரே, அவரு."

"அவரேதாம்மா."

திரையில் ஸ்வோன்காவின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிறகு திட்டு வந்தது. "குளியலறைக் குழாய் ஒம்பது வருஷமா சொட்டுதுடா பாவி! கதவுக் கைப்பிடி எம் கையோடயே வருது! வாசல் மணி அடிச்சா பக்கத்து வீட்டுக்குக் கேக்குது, எனக்குக் கேக்கல! இங்க ஒரு திருகாணி திருப்ப மாட்ட, அங்க போய்ப் பேயா உழைக்கிறியா?"

"அங்க எந்திரிக்கணும் ஸ்வோன்கா!" என்று கதறினான் ஃபெர்டோ.

அல்யோஷா போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டான், போர்வை குலுங்கியது. ஸ்வோன்கா பதினோரு நிமிடம் மூச்சு விடாமல் திட்டினாள். டாக்டர் நிவெஸ் காகிதங்களோடு நழுவிவிட்டார். ஃபெர்டோ ஆறு டிகிரி சரிவில் கைகளை நெஞ்சில் கோத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டான். முதுகுவலி எங்கே போனதென்றே தெரியவில்லை. நாற்பது நாளில் அன்றைக்குத்தான் அவன் நிஜமாகப் படுத்திருந்தான்.

அறுபதாம் நாள் கடந்ததும் எழுப்பி நிறுத்தினார்கள். பதினைந்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அல்யோஷா நாலாவது நிமிடம் யெர்னெயின் மேல் சாய்ந்தான். ஃபெர்டோ ஆறு நிமிடம் தாக்குப்பிடித்தான். தன்னைவிடப் பதினேழு வயது இளைய பந்தய வீரனை இரண்டு நிமிட வித்தியாசத்தில் ஜெயித்ததை மயக்கம் தெளிந்ததும் எல்லோரிடமும் சொன்னான். அப்புறம் இரண்டு வாரம் நடைப் பயிற்சி.

அழைத்துப்போக ஸ்வோன்கா காரில் வந்தாள். பிறந்த கன்றுக்குட்டி போல அவன் காலை அகட்டி அகட்டி வந்ததைப் பார்த்து, வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வசவுகளை மறந்து சிரித்துவிட்டாள். மலையிறங்கியதும் சாலையோர உணவகத்தில் நிறுத்தச் சொன்னான் ஃபெர்டோ. பன்றி இறைச்சி போட்ட பார்லிக் கஞ்சி வாங்கிக்கொண்டு, உட்காராமல் ஜன்னல் மேடையில் கிண்ணத்தை வைத்து நின்றபடியே குடித்தான். இரண்டாவது கிண்ணமும் வாங்கினான். சூடு தொண்டையிலிருந்து வயிற்றுக்கு நேராகக் கீழே இறங்குவதைக் கண் கலங்க அனுபவித்தான்.

கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு ஸ்வோன்காவிடம் குனிந்து, "என்னம்மா, உக்கார மாட்டேங்குறாரு? மூலமா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. இப்பத்தான் செவ்வாய்லேர்ந்து வர்றாரு."

"அப்படியா?" கடைக்காரர் ஃபெர்டோவை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க மழை எப்படி?"

"தெரியலைங்க" என்றான் ஃபெர்டோ, வாய் நிறையப் பார்லியோடு. "எந்திரிச்சுப் பாக்க விடல."