மூன்றாவது அலசல்

ஆயிலை வெளியேற்றும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் வரவில்லை, தண்ணீர் வந்தது. எஞ்சினைக் குளிரவைக்கும் பச்சை நிறக் கூலன்ட், அரை லிட்டருக்குக் குறையாது. அதற்குப் பிறகுதான் ஆயில் என்று பேர் சொல்லக்கூடிய ஒன்று வந்தது. பால் அதிகமாகிப்போன காபி நிறத்தில், கொழகொழவென்று, இறங்கவா வேண்டாமா என்று யோசித்து யோசித்துத் தட்டில் விழுந்தது. நான் வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். தலைக்குப் பக்கத்தில் மூன்று ஜோடிக் கால்கள்.

பாலிஷ் போட்ட செருப்பு மாமாவுடையது. என் அக்கா புருஷன். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் மூன்று வேன்களுக்கு முதலாளி. ஓரம் பிய்ந்த கேன்வாஸ் ஷூ, இந்த வேனை ஒன்பது வருஷமாக ஓட்டும் நிதானம் அண்ணனுடையது. நிதானம் என்பது நாங்கள் வைத்த பெயர். சைக்கிள்காரன் மணி அடித்து முந்திக்கொண்டு போனாலும் சிரித்து வழிவிடுகிற மனுஷன். மூன்றாவது ஜோடி அவர் மகளுடையது. கல்லூரி விட்டதும் அப்பாவின் வேனிலேயே வீடு போவது அவள் வழக்கம். வேன் இங்கே கிடப்பதால் பட்டறைக்கே வந்து, பழைய டயர் மேல் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்திருந்தாள்.

மணி ஒன்றரை. ஐந்து மணிக்கு வேன் தொழிற்சாலை வாசலில் நிற்க வேண்டும்.

"இன்னொரு தடவ கேக்கறேன்," என்றார் மாமா. "ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினதும் ஹெட் போல்ட்ட இறுக்க இங்க கொண்டு வந்தியா, இல்லையா?"

"கொண்டு வந்தேன் மொதலாளி. தம்பிதான் வேணாம்னு அனுப்பிட்டாரு."

"தம்பிக்கு ஞாபகமே இல்லையாமே."

தட்டில் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தத் தம்பி நான்தான். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. போன மாதம் இதே எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைத் திறந்து, அதனடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றியவன் நான். புதுக் கேஸ்கெட் சூட்டில் கொஞ்சம் அமுங்கும், அதனால் சில நாள் ஓடியபின் எஞ்சினை ஆறவிட்டு போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். இது எங்கள் தொழிலில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். நான் சொன்ன தேதிக்கு அண்ணன் வேனைக் கொண்டு வந்தார். ஆற நான்கு மணி நேரம் ஆகும். அன்று எனக்குத் தலைக்கு மேல் வேலை, மூக்குக்கு மேல் கோபம். "நான் போட்ட போல்ட்டு என்னக் கேக்காம லூஸாகாதுண்ணே, போங்க" என்று பெருமையடித்து அனுப்பிவிட்டேன். அது என்னைக் கேட்காமலே லூஸாகிவிட்டது. கேஸ்கெட் பிய்ந்து, தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கி, நேற்றுக் காலை வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

ஹெட்டைத் திறக்க ஸ்பேனரை வைத்தபோது போல்ட்டு ஒற்றை விரலுக்குச் சுழன்றது. இறுக்காமல் அனுப்பியதன் பலன் என்று அந்த நொடியே தெரிந்தது. பக்கத்தில் நின்ற மாமா, "இவன் இறுக்கக் கொண்டு வந்தானா மாப்ள?" என்று கேட்டார். "ஞாபகமில்ல மாமா." நாக்கு தானாகப் புரண்டு சொல்லிவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் போல்ட்டைப் பார்த்தேன்.

அதோடு ஒரு நாள் ஓடிவிட்டது. லேத்துப் பட்டறையில் ஹெட்டைச் சமன் செய்து வாங்கி, புதுக் கேஸ்கெட் வைத்து மூட்டிவிட்டேன். இனி உள்ளே கலந்ததை வெளியேற்ற வேண்டும். துளி தண்ணீர் தங்கினாலும் பேரிங்குகள் உராய ஆரம்பித்துவிடும். பாதி வழியில் டக் டக்கென்று சத்தம் கேட்கும், அதன்பின் எஞ்சினை எடைக்குத்தான் போட வேண்டும்.

எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சேம்பரைக் கழற்றி இறக்கினேன். அடியில் ஒரு விரல் தடிமனுக்கு அழுக்குக் களிம்பு. டீசல் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்தேன். ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் கண்ணே தெரியாமல் அடைத்திருந்ததை ஊசியால் குத்திக் குத்தி எடுத்தேன். மேல் மூடியின் உட்புறம் முழுக்க வெள்ளை நுரை, அதையும் வழித்தேன். எல்லாவற்றையும் மாட்டி, புது ஃபில்டர் போட்டு, மலிவான ஆயிலில் கொஞ்சம் டீசல் கலந்து, உள்ளே அலசுவதற்கு ஊற்றினேன்.

"ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே. ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்காதீங்க."

அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். டீசல் கலந்த ஆயில் மெலிசு. வேகம் கூட்டினால் நாமே எஞ்சினைக் கொன்ற மாதிரி. பத்து நிமிஷமும் ஆயில் லைட்டை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் சாலையைப் பார்ப்பது போல் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

முதல் அலசல் சாம்பல் நிறத்தில் வந்தது. இரண்டாவதற்கு முன் ஆயில் கூலருக்குள் காற்றடித்தேன். ஒளிந்திருந்த ஒரு கை அளவு களிம்பு தெறித்து முகத்தில் விழுந்தது. மாமா சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் ஒரு வாரத்துக்கு அதைச் சொல்லியே ஓட்டியிருப்பார்.

இரண்டாவது அலசலை இறக்க மறுபடி அடியில் நுழைந்தேன். வெளிறிய பழுப்பு. இன்னும் ஒன்று வேண்டும். மணி நான்கைத் தொட்டிருந்தது. மேலே மாமாவின் குரல் திடீரென்று தணிந்தது. அவர் கத்தினால் பயமில்லை, குரல் தணிந்தால்தான் பயம்.

"இங்க பாரு. வண்டி கெட்டுப்போறது சகஜம். ஆனா பொய் சொல்றவன்கிட்ட சாவியக் குடுக்க மாட்டேன். கொண்டு வரலன்னு ஒத்துக்க, இதோட விட்டுடறேன். இல்லன்னா அஞ்சு மணி ட்ரிப்ப நானே ஓட்டிக்கறேன். நாளைலேருந்து வேற ஆளு."

கேன்வாஸ் ஷூ அசையவில்லை. பிறகு ஒரு கால் இன்னொரு காலை மெல்லத் தேய்த்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே அடித்துக்கொண்டது. வாயில் ஆயில் விழுந்துவிடும் என்பது போல உதட்டை இறுக மூடியிருந்தேன்.

"கொண்டு வரல மொதலாளி," என்றார் நிதானம் அண்ணன். "மறந்துட்டேன். திட்டுவீங்கன்னு பொய் சொல்லிட்டேன்."

புத்தகம் மூடும் சத்தம் கேட்டது.

மூன்றாவது அலசலை ஊற்றி, ஓடவிட்டு, இறக்கினேன். தேன் மாதிரி தெளிவாக வந்தது. நல்ல ஆயில் நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, அணைத்து, ஆயில் குச்சியை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன். பொட்டு நுரை இல்லை. சத்தமும் சீராக இருந்தது. வேலை முடிந்துவிட்டது. நான் வாயே திறக்காவிட்டாலும் இனி யாருக்கும் நஷ்டமில்லை என்று மனசு கணக்குப் போட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் போட்டது.

மாமா சாவியை நீட்டினார். "போ. இனிமே எங்கிட்ட பொய் சொல்லாத."

அண்ணன் தலையாட்டி வாங்கிக்கொண்டு மகளைப் பார்த்தார். "ஏறும்மா."

"நான் பஸ்ல போய்க்கறேன்," என்றாள் அவள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பையைத் தோளில் மாட்டி நடக்க ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முதலாளி முன்னால் தொங்காத அந்தத் தலை அப்போது தொங்கியது.

"பாப்பா, நில்லு!" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அப்பா வண்டியக் கொண்டு வந்தாரு. நான்தான் திருப்பி அனுப்பினேன்."

மாமா திரும்பினார். "ஞாபகமில்லன்னியேடா?"

"இருந்துச்சு மாமா. நேத்தும் இருந்துச்சு. என் மேல பழி வந்துடும்னு சொன்னேன்."

அவர் என்னை அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். அவருடைய கண் அண்ணன் பக்கம் போனது. "ஏம்ப்பா, எங்கிட்ட உண்மையச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"ரெண்டு நாளா அதத்தானே மொதலாளி சொன்னேன்," என்றார் நிதானம் அண்ணன். கோபமே இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

அந்தப் பெண் வாசலில் அப்படியே நின்றாள். பிறகு ஓடி வந்து முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணன் வண்டியைப் பின்னால் எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நகருங்கள் என்று எங்களுக்குச் சைகை காட்டினார். மாமா ஒரு பக்கமாகவும் நான் ஒரு பக்கமாகவும் நகர்ந்து வழிவிட்டோம்.