வழுக்குத் தளத்து மான்

“பயமா இருக்கு அண்ணா, இன்னைக்கு வழுக்குத் தளத்துல கார் ஓட்டணும். போகலைன்னு சொல்லிடவா?” என்றாள் யோருன்.

“போகாட்டி லைசென்ஸ் கிடையாது. காலம் பூரா நான்தான் உன்னை ஏத்திக்கிட்டு அலையணும்,” என்றான் அண்ணன்.

ஹமார் ஊருக்கு வெளியே, எண்ணெய் பூசியதுபோல் வழுக்கிய ஓட்டுநர் பயிற்சித் தளத்தின் நடுவே ரப்பர் மான் நின்றது. அதை விலகிப் போக வேண்டும். காரில் தனியாக வந்த யோருன் மானையே வெறித்தாள். நேராக அதன்மேல் ஏற்றிவிட்டாள்.

காருக்குள்ளிருந்த ரேடியோவில் பயிற்சியாளர் பெரித் பேசினாள். “பரவாயில்லடி, அது தினமும் சாகுற மான்தான். மானைப் பார்த்தா மான்மேலதான் போவ. போகவேண்டிய பக்கத்தைப் பாரு.”

மறுமுறை யோருன் ஓரத்துக் கம்பத்தை மட்டுமே பார்த்தாள். காரின் பின்பக்கம் வழுக்கி இழுத்தது, ஆனால் மான் ஜன்னலோரமாகக் கடந்து போனது.

“மானோட பொண்டாட்டி நன்றி சொல்லச் சொன்னா,” என்றாள் பெரித்.

“இன்னொரு சுத்து வரேன். வேகத்தைக் கூட்டட்டுமா?” என்று கேட்டாள் யோருன்.